பாய் லைனில் இருந்த பதினோரு வினாடி

ஆம்பூரில் ஷூ அப்பர், அதாவது ஷூவின் மேல் பகுதி, தைத்துக் கொடுக்கும் யூனிட் வைத்திருக்கும் பாய் ஒருவர் காலை ஒன்பதரைக்கு அழைத்தார். வாசலில் லாரி நிற்கிறது, இன்வாய்ஸ் பிரிண்ட் ஆகவில்லை, திரையில் ஏதோ நாலு இலக்கப் பிழை எண் வருகிறது என்றார். எண்ணைச் சொன்னார். நான் கறுப்புத் திரையில் 'தேடு' என்று அடித்து, ஓர் இடம் விட்டு அந்த எண்ணையும் அடித்து என்டர் தட்டினேன். கர்சர் சிமிட்டிக்கொண்டே இருந்தது.

"தம்பி, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் பாய். பார்த்துட்டே இருக்கேன்."

"வண்டிக்காரன் கத்துறான் தம்பி."

அப்புறம் இரண்டு பக்கமும் மௌனம். லாரி டிரைவர் ஹாரன் அடிப்பது போனிலேயே கேட்டது. பதினோரு வினாடி கழித்து விடை வந்தது. பிரிண்டர் அமைப்பில் ஒரே ஒரு பெட்டியில் டிக் எடுக்க வேண்டும், அவ்வளவுதான். பாய் சரி செய்துகொண்டு போனை வைத்துவிட்டார். எனக்குத்தான் மனசு சரியாகவில்லை. ஏனென்றால் அந்த 'தேடு' நான் எழுதியது.

எங்கள் அலுவலகம் காட்பாடி காந்தி நகரில் ஒரு வீட்டு மாடியில் இருக்கிறது. ஆறு பேர். ராணிப்பேட்டை, வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ஆம்பூர்ப் பக்கம் தோல் பதனிடுகிறவர்களுக்கும் ஷூ யூனிட்டுகளுக்கும் ஸ்டாக், பில்லிங் மென்பொருள் செய்து கொடுக்கிறோம். வாடிக்கையாளர் அழைத்து ஒரு சிக்கல் தீர்ந்தால், அதைப் பற்றி ஒரு சின்ன டெக்ஸ்ட் கோப்பு எழுதி மூலையில் இருக்கும் சர்வரில் போட்டுவிட வேண்டும். இதுதான் எங்கள் ஆவணம். பாதி தமிழ், பாதி ஆங்கிலம், கொஞ்சம் திட்டு. 2017-ல் சில நூறு கோப்புகள் இருந்தபோது, அவற்றில் தேடுவதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை பைத்தான் என்ற நிரல் மொழியில் இந்தச் சின்ன நிரலை எழுதினேன். அன்றைக்கு அது பறந்தது. 2021 கடைசியில், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் கையேடு, பிரிண்டர் கையேடு எல்லாம் சேர்ந்து கோப்புகள் பதினாலாயிரத்தைத் தொட்டபோது, அது மாட்டு வண்டி ஆகியிருந்தது. மெதுவாகத்தான் ஆனது, ஒரே நாளில் ஆகவில்லை. அதனால்தான் யாரும் கவனிக்கவில்லை. என்டர் தட்டிவிட்டு டீ கிளாஸை எடுக்கிற பழக்கம் எல்லோருக்கும் வந்துவிட்டிருந்தது.

காரணம் கேட்டால் ஆளுக்கொன்று சொன்னார்கள். நெட்வொர்க் சுவிட்ச் பழசு என்றார் ஒருவர். காலையில்தான் மெதுவாக இருக்கிறது, மத்தியானம் பரவாயில்லை, அதனால் கரண்ட் வோல்டேஜ் பிரச்சினை என்றார் இன்னொருவர். சிரிக்காதீர்கள், 'காலையில் மட்டும்' என்பது பின்னால் மிக நல்ல தடயமாக இருந்தது. குடியாத்தத்திலிருந்து வருகிற தம்பி ஒருவன், சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது, அவனிடம் தீர்வு தயாராக இருந்தது: ரஸ்ட் என்ற வேறொரு நிரல் மொழி.

"அண்ணா, பைத்தான்தான் ஸ்லோ. ஒரு வாரம் குடுங்க, ரஸ்ட்ல எழுதிடறேன்."

நான் மட்டும் என்ன செய்தேன்? முதலாளியிடம் போய், "சார், ஹார்ட் டிஸ்க் பழசு, எஸ்எஸ்டி போட்டா சரியாகும்" என்றேன். நம்பி வாங்கிக் கொடுத்தார். என் கணினியில் மாட்டி, ஆசையாக என்டர் தட்டினேன். பதினோரு வினாடி. கடிகாரம் வைத்துப் பார்த்திருந்தால் அரை வினாடி குறைந்திருக்கலாம். முதலாளி ஒன்றும் சொல்லவில்லை, "என்னப்பா, ஆச்சா?" என்று ஒரு தரம் கேட்டார். அந்தக் கேள்விக்கு அப்புறம்தான் எனக்கு அளந்து பார்க்கத் தோன்றியது.

அளக்க நல்ல நாள் தானாக வந்தது. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் போனது ஞாபகம் இருக்கும். எங்கள் தலைமுறைக்குப் பாலாறு என்றால் மணல்தான்; இரு கரை தொட்டுத் தண்ணீர் போவதைப் பார்க்க வேலூரே பாலத்தில் நின்றது. வேலூரிலிருந்து காட்பாடிக்கு வர வேண்டிய எங்கள் ஆட்களும் அங்கேயே நின்றுவிட்டார்கள். அலுவலகத்தில் நான் ஒருவன். சர்வரை வேறு யாரும் தொடவில்லை. அப்போதும் பதினோரு வினாடி. சுவிட்ச், நெரிசல் என்ற குற்றச்சாட்டுகள் அங்கேயே விழுந்தன.

எங்கள் கணினிகளில் ஓடுவது லினக்ஸ் இயங்குதளம். அதில் எந்தக் கட்டளைக்கும் முன்னால் 'டைம்' என்று சேர்த்தால் மூன்று எண் வரும். நமக்கு இப்படி வந்தது: ரியல் 11.2, யூசர் 2.6, சிஸ் 0.9. முதல் எண் நாம் காத்திருந்த நேரம். அடுத்த இரண்டும் சேர்ந்தது சிபியு உண்மையில் வேலை செய்த நேரம், அதாவது மூன்றரை வினாடி. மிச்சம் ஏழே முக்கால் வினாடி என் நிரல் ஒன்றுமே செய்யவில்லை, எதற்கோ கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தது. தம்பியிடம் பிறகு இதைத்தான் காட்டினேன். ரஸ்டில் எழுதி, சிபியு வேலையைப் பூஜ்யமாகவே ஆக்கினாலும், பாய் லைனில் ஏழே முக்கால் வினாடி நின்றிருப்பார். மூன்று எண்ணைப் படிக்க அரை நிமிடம். அது ஒரு வார வேலையை மிச்சப்படுத்தியது.

இங்கே ஒன்று. இந்த எண்ணை எடுக்கும்போது இரண்டாம் தரம் ஓட்டிப் பார்த்து ஏமாறக் கூடாது. ஒரு தரம் படித்த கோப்பை லினக்ஸ் நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். உடனே மறுபடி ஓட்டினால் எனக்கே ஆறு வினாடிதான் ஆனது. இரவு எல்லாக் கணினியையும் அணைத்துவிட்டுப் போகிறோம், காலையில் நினைவகம் காலி. 'காலையில் மட்டும் மெதுவாக' என்பதற்கு இதுதான் அர்த்தம், வோல்டேஜ் பாவம். ஒவ்வொரு அளவுக்கும் முன்னால் ரூட்டாக, அதாவது முழு அதிகாரம் உள்ள பயனராக, 'டிராப் கேஷஸ்' கோப்பில் 3 என்று எழுதி நினைவகத்தைத் துடைத்துவிட்டு ஓட்டினேன். ஒரு மாற்றம், ஓர் அளவு, நோட்டில் ஒரு வரி. நோட்டில் எழுதாவிட்டால் எது எந்த மாற்றத்துக்கு வந்த எண் என்று மூன்றாவது தரத்திலேயே குழம்பிவிடும்.

சரி, எதற்காகக் காத்திருந்தது? அதைச் சொல்வது 'எஸ்டிரேஸ்'. நிரல் இயங்குதளத்தைக் கூப்பிடுகிற ஒவ்வொரு தடவையையும் அது எண்ணிக் கொடுக்கும். சிறிய 'சி' விருப்பத்தை மட்டும் போட்டால் சிபியு நேரத்தைத்தான் கூட்டிக் காட்டும். கூடவே 'டபிள்யூ' சேர்த்தால்தான் காத்திருந்த நேரம் தெரியும். இது தெரியாமல் முதல் ஒரு மணி நேரம் வீணானது. எஸ்டிரேஸ் போட்டால் நிரலே மெதுவாகும், அதனால் அது தரும் வினாடிகளை அப்படியே நம்பக் கூடாது, எண்ணிக்கையை நம்பலாம். எண்ணிக்கை என்ன சொன்னது தெரியுமா? ஒரே ஒரு சொல்லைத் தேட 'ஸ்டேட்' என்ற அழைப்பு பதினாலாயிரம் தடவைக்கு மேல்.

ஸ்டேட் என்றால் ஒரு கோப்பு கடைசியாக எப்போது மாறியது என்று கேட்பது. 2017-ல் நான் ரொம்ப கவனமாக எழுதியிருந்தேன்: தேடுவதற்கு முன்னால், இன்டெக்ஸ் (எந்தச் சொல் எந்தக் கோப்பில் இருக்கிறது என்ற பட்டியல்) எடுத்த பிறகு எந்தக் கோப்பாவது மாறியிருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் கேட்டுவிட வேண்டும். கோப்புகள் இருப்பது சர்வரில்; அவற்றை நம் கணினியில் இருப்பது போலக் காட்டும் என்எஃப்எஸ் வழியாகப் படிக்கிறோம். ஒவ்வொரு கேள்வியும் கம்பி வழியாகச் சர்வருக்குப் போய்த் திரும்ப வேண்டும். போய்த் திரும்ப எவ்வளவு நேரம் என்று எங்கள் சர்வருக்குப் பிங் அடித்துப் பார்த்தால் 0.4 மில்லிவினாடி. பார்க்க ஒன்றுமில்லை. 14,000 தடவை 0.4 என்று பெருக்கிப் பாருங்கள்: 5.6 வினாடி. பாதி நேரம் போன இடம் அதுதான். நூறு கோப்பில் எழுதிய கவனம் பதினாலாயிரம் கோப்பில் நோய் ஆகிவிட்டது.

மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். பைத்தானை 'எக்ஸ் இம்போர்ட்டைம்' விருப்பத்தோடு ஓட்டினால் எந்த நூலகம் (நிரலோடு சேர்த்துக்கொள்ளும் தயார் நிரல்தொகுப்பு) ஏற எவ்வளவு நேரம் ஆனது என்று வரிசையாகக் காட்டும், 3.7 பதிப்பிலிருந்து இந்த வசதி உண்டு. அதில் 1.4 வினாடி போயிருந்தது. மாதக் கடைசியில் ஓர் அட்டவணை எடுப்பதற்காக நானே எப்போதோ சேர்த்த ஒரு பெரிய நூலகம், கோப்பின் தலையில் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு தேடலுக்கும் முழுசாக ஏறி இறங்கியது. இன்டெக்ஸைப் படிக்க 3.1. தொள்ளாயிரம் விடைகளையும் வண்ணம் தீட்டி வரிசைப்படுத்தி முடித்த பிறகே முதல் வரியைக் காட்டும் பழக்கத்துக்கு ஒரு வினாடி.

தேடலுக்கு? 0.04 வினாடி.

அந்த எண்ணை நோட்டில் எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். தேடும் கருவியில் தேடல் மட்டும் வேகமாக இருந்தது. மற்ற பதினோரு வினாடியும் தேடலுக்கு முன்னும் பின்னும் நடந்த சம்பிரதாயம்.

சரி செய்ததைச் சொல்கிறேன், பெரியதிலிருந்து ஆரம்பித்தோம்.

கோப்பு மாறியதா என்று தெரிந்துகொள்ள வேண்டியது சர்வர். ஏனென்றால் கோப்பு அதனிடம்தான் இருக்கிறது, அதற்குக் கம்பி வழிப் பயணம் கிடையாது. அதனால் இன்டெக்ஸ் எடுக்கும் வேலையைச் சர்வரிலேயே வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் டைமர் ஓட்டும்படி செய்தோம். மாறிய கோப்பை மட்டும் புதுப்பிக்கும். முடிந்த இன்டெக்ஸ் ஒரே கோப்பு. அது ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி வழியாக ஒவ்வொரு கணினிக்கும் வந்துவிடும். தேடும்போது வலையைத் தொட வேண்டியதே இல்லை.

இதில் முதல் வாரமே அடி வாங்கினோம். சர்வர் எழுதிக்கொண்டிருக்கும்போதே ஆர்சிங்க் அதைப் பாதியில் நகல் எடுத்துவிட்டது. காலையில் எல்லார் திரையிலும் 'டேட்டாபேஸ் டிஸ்க் இமேஜ் இஸ் மால்ஃபார்ம்ட்'. அதன் பிறகு, வேறு பெயரில் முழுசாக எழுதி, மூடி, கடைசியில் பெயரை மட்டும் மாற்றுகிறோம். ஒரே டிஸ்க் பகுதிக்குள் பெயர் மாற்றுவது ஒரே அடியில் நடக்கும். பழசு இருக்கும், அல்லது புதுசு இருக்கும், அரைகுறை இருக்காது.

அடுத்தது இன்டெக்ஸ் இருந்த வடிவம். பைத்தானில் 'பிக்கிள்' என்று ஒன்று உண்டு, நினைவகத்தில் இருப்பதை அப்படியே கோப்பாக்கி வைக்கும். பிக்கிள் என்றால் ஊறுகாய், பெயர் பொருத்தம்தான். ஒரு சொல்லைப் பார்ப்பதற்காக 180 எம்பி ஜாடியைப் பரணிலிருந்து இறக்கி, துணியை அவிழ்த்து, முழுசையும் தட்டில் கொட்டி, ஒரு துண்டு ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு, மீதியைக் கீழே கொட்டிவிடுவது போல. அடுத்த தேடலுக்கு மறுபடி பரண். அதை எடுத்துவிட்டு எஸ்க்யூலைட் என்ற சின்னத் தரவுத்தளத்துக்கு மாறினோம். அதில் எஃப்டிஎஸ்5 என்ற முழுப்பாடத் தேடல் வசதி 2015-லிருந்து இருக்கிறது, தனியாக சர்வர் எதுவும் ஓட்ட வேண்டாம், ஒரே கோப்பு. பழைய இலக்கியப் பதிப்புகளின் கடைசியில் சொல்லடைவு இருக்குமே, சொல்லும் அது வரும் பாட்டு எண்களும், அதேதான் உள்ளே. ஒரு சொல்லுக்காக முழு அடைவையும் வாசிக்காது. தேவையான சில நான்கு கேபி பக்கங்களை மட்டும் டிஸ்கிலிருந்து எடுக்கும். 3.1 வினாடி காணாமல் போனது.

கூடவே தமிழும் காணாமல் போனது.

எங்கள் அலுவலகத்தில் அதிகம் தேடப்படும் சொல் 'தோல்'. புது இன்டெக்ஸில் 'தோல்' என்று தேடினேன். தாலுகா அலுவலகம் வந்தது. திலீப் என்ற வாடிக்கையாளரின் பெயர் வந்தது. 'பெரும் தொல்லை' என்று யாரோ எழுதிய குறிப்பு வந்தது. வேகம் பிரமாதம், விடை எல்லாம் குப்பை. ஆங்கிலச் சொற்களும் பிழை எண்களும் ஒழுங்காக வந்ததால், தம்பி "அண்ணா, நல்லாத்தானே இருக்கு" என்றான். அவன் தமிழில் தேடியே பார்க்கவில்லை.

ஒரு மணி நேரம் ஆயிற்று புரிய. எஃப்டிஎஸ்5 சொற்களைப் பிரிக்கும்போது, யூனிகோடில் 'எழுத்து', 'எண்' என்று வகைப்படுத்தப்பட்டவற்றை மட்டும் சொல்லின் பகுதியாக எடுக்கும். மற்றதெல்லாம் இடைவெளி மாதிரி. தமிழில் த, ல எல்லாம் 'எழுத்து'. ஆனால் ஓகாரக் குறியும் புள்ளியும் யூனிகோட் கணக்கில் 'எழுத்து' இல்லை, 'குறி'. ஆகவே 'தோல்' என்பதை அது 'த' என்று ஒரு சொல், 'ல' என்று அடுத்த சொல் என வெட்டிவிட்டது. குறிகளை வெட்டிய பிறகு த தனியாகவும் அதற்கு அடுத்து ல தனியாகவும் நிற்பது எல்லாம் விடை: தாலுகா, திலீப், தொல்லை. காலும் கையும் வெட்டிவிட்டு ஆளை அடையாளம் காட்டச் சொன்னால் இப்படித்தான்.

மருந்து ஒரே வரி. அட்டவணை உருவாக்கும்போது எஃப்டிஎஸ்5 சொற்களைப் பிரிக்கப் பயன்படுத்தும் யூனிகோட்61 என்ற பிரிப்பானுக்கு 'கேட்டகரீஸ்' என்ற விருப்பம் கொடுக்கலாம்; அதில் வழக்கமான வகைகளோடு எம்என், எம்சி என்ற இரண்டு குறி வகைகளையும் சேர்த்துவிட்டால் தமிழ்ச் சொல் முழுசாக நிற்கும். தமிழ் என்றில்லை, இந்தி, தெலுங்கு எதை எஃப்டிஎஸ்5-இல் போடுகிறவர்களும் இதை முதலிலேயே செய்துவிடுங்கள். நான் வேகத்தை மட்டும் அளந்துகொண்டிருந்தேன். விடை சரியா என்று பார்க்க இருபது பழைய தேடல்களை எடுத்து வைத்து, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ஓட்டிப் பார்க்கும் பழக்கம் இந்த அடிக்குப் பிறகுதான் வந்தது.

தமிழ் என்றால் இதோடு முடியாது. 'கொ' என்பதைச் சில கருவிகள் ஒரே ஒகரக் குறியாக எழுதும், சில எகரக் குறி ஒன்றும் காலும் என இரண்டாக எழுதும். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. இன்டெக்ஸ் செய்யும்போதும் தேடும் சொல்லிலும் யூனிகோடின் என்எஃப்சி என்ற ஒரே சீர் வடிவத்துக்கு மாற்றிவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். அதைவிடப் பெரிய தலைவலி வேற்றுமை உருபு. குறிப்பில் 'தோலை', 'தோலுக்கு', 'தோலில்' என்றுதான் இருக்கும், 'தோல்' என்று தனியாக யார் எழுதுகிறார்கள்? இப்படித் தொடங்குகிற சொல் எல்லாம் வேண்டும் என்கிற முன்னொட்டுத் தேடல் போட்டால் வரும் என்று 'தோல்' போட்டுப் பின்னால் நட்சத்திரம் வைத்தேன், வரவில்லை. காரணம் அந்தப் புள்ளி. உருபு சேரும்போது புள்ளி போய்விடுகிறது. கடைசிப் புள்ளியை எடுத்துவிட்டு 'தோல' என்று நட்சத்திரம் வைத்தால் எல்லாமே அகப்பட்டது. மகரத்தில் முடிகிற சொல்லுக்கு 'ம்' முழுசையும் எடுக்க வேண்டும், மரம் மரத்தை ஆகிறதே. இதற்குத் தண்டனையாக 'மரம்' தேடினால் 'மருந்து'ம் வரும். சரியான சொல் இருக்கும் விடையை மேலே வைத்து, மருந்தைக் கீழே தள்ளியிருக்கிறேன். இலக்கண ஆசிரியர்கள் மன்னிக்க வேண்டும். பெரிய சொல்பகுப்பு நூலகத்தைச் சேர்த்தால் மறுபடி இம்போர்ட் நேரம் ஏறிவிடும்.

ஊர்ப் பெயர் இன்னொரு கூத்து. 1989-ல் வட ஆற்காடு இரண்டாகப் பிரிந்தது. 2019-ல் வேலூர் மூன்றாகப் பிரிந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டமாயின. பழைய கம்பெனிகளின் லெட்டர்பேடில் இன்னும் வட ஆற்காடுதான் இருக்கிறது. திருப்பத்தூர் மாவட்டம் என்று தேடினால் ஆம்பூர், வாணியம்பாடி வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் வருவதில்லை. எந்த ஊர் எந்த மாவட்டம் என்று ஒரு நாற்பது வரிப் பட்டியலைக் கையாலேயே எழுதி வைத்தோம். அதற்கு எந்த அல்காரிதமும் தேவைப்படவில்லை, ஊர் தெரிந்த ஓர் ஆள் போதும்.

மற்ற இரண்டும் சின்ன வேலை. அந்தப் பெரிய நூலகத்தை இம்போர்ட் செய்யும் வரியைக் கோப்பின் தலையிலிருந்து எடுத்து, மாத அட்டவணை எடுக்கும் செயற்கூறுக்குள் வைத்தேன். இப்போது அட்டவணை கேட்டால் மட்டும் ஏறும். விடைகளில் முதல் இருபதை மட்டும் காட்டச் சொன்னேன். இருபத்தோராவது விடையை இத்தனை வருடத்தில் யாரும் பார்த்ததில்லை.

இதற்கு நடுவில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருவர் வந்து, "அண்ணா, நம்ம 'தேடு' மட்டும் இல்ல, 'மேன்' கூட ரொம்ப நேரம் எடுக்குது" என்றார். என்ன அடிக்கிறீர்கள் என்று பார்த்தேன். பெரிய எழுத்து 'கே' போட்டுக்கொண்டிருந்தார். மேன் என்பது கட்டளைகளின் கையேட்டைக் காட்டும் கட்டளை. அந்தக் கையேட்டுப் பக்கங்கள் லினக்ஸின் முன்னோடியான யூனிக்ஸோடு பிறந்தவை, முதல் கையேட்டின் தேதியே 1971 நவம்பர் 3. அதில் சின்ன 'கே' போட்டால், 'மேன்டிபி' முன்பே தயாரித்து வைத்த பெயர், ஒரு வரி விளக்கம் அடங்கிய பட்டியலில் மட்டும் தேடும். கண் இமைக்கும் நேரம். பெரிய 'கே' போட்டால் ஒவ்வொரு பக்கத்தையும் திறந்து, அமுக்கி வைத்ததை விரித்து, முழுப் பாடத்தையும் வாசிக்கும். இரண்டும் வேறு வேறு வேலை. சின்ன 'கே' ஒன்றுமே கொடுக்கவில்லை என்றால் பெரும்பாலும் பட்டியல் இல்லை என்று அர்த்தம். ரூட்டாக ஒரு தரம் மேன்டிபி ஓட்டினால் போதும். நான் ஒரு வாரம் பாடுபட்டுச் செய்த இதே வேலையை அந்தப் பெரியவர்கள் எப்போதோ செய்து வைத்திருந்தார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் வெட்கம்தான்.

டிசம்பர் நடுவில் அளவு 0.2 வினாடிக்கு வந்தது. அதில் பாதி பைத்தான் எழுந்து உட்காருவதற்கே. விட்டுவிட்டேன்.

ஆனால் வேகத்துக்குக் கொடுத்த விலை ஜனவரியில் தெரிந்தது. 2022 ஜனவரி 1 முதல், ஜோடி ஆயிரம் ரூபாய் வரைக்குமான காலணிக்கு ஜிஎஸ்டி 5 சதவீதத்திலிருந்து 12 ஆனது. எங்கள் குறிப்பை டிசம்பர் கடைசியிலேயே திருத்திவிட்டோம். முதல் வாரம் ஒரு யூனிட்டிலிருந்து அழைத்து எந்த விகிதம் போடுவது என்று கேட்டார்கள். தம்பி தேடினான், 0.2 வினாடியில் விடை வந்தது, 5 என்று சொன்னான். அவர்கள் எட்டு பில் போட்டுவிட்டார்கள். சர்வரில் நான் ஒரு ஃபோல்டரின் பெயரை மாற்றியதில் டைமர் நின்றுபோய், இன்டெக்ஸ் பத்து நாள் பழசாக இருந்திருக்கிறது. மெதுவாக இருந்த பழைய 'தேடு' இந்தத் தப்பைச் செய்திருக்காது. பதினாலாயிரம் தடவை கேட்டாலும், கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்லும். எட்டு பில்லையும் ரத்து செய்து மறுபடி போட வைத்து, மன்னிப்புக் கேட்டேன்.

அதன் பிறகு இரண்டு சேர்த்தோம். ஒவ்வொரு விடையின் அடியிலும் 'இன்டெக்ஸ்: காலை 10.05 நிலவரம்' என்று ஒரு வரி. அரை மணிக்கு மேல் பழசானால் அந்த வரி சிவப்பாகும். இரண்டாவது, நடப்பு மாதத்துக்கு ஒரு தனி ஃபோல்டர். அதை மட்டும் இன்டெக்ஸை நம்பாமல் நேராகச் சர்வரிலேயே தேடுகிறோம். பழைய குறிப்பைத் திருத்துகிறவர்கள் இந்த மாத ஃபோல்டரிலும் ஒரு வரி எழுதிவிட வேண்டும். அதில் அதிகம் போனால் 150 கோப்பு, 0.4 மில்லிவினாடி வீதம் 0.06 வினாடி. அந்தக் கவனத்துக்கு இவ்வளவு விலை தாராளமாகக் கொடுக்கலாம்.

பிப்ரவரியில் ஆம்பூர் பாய் மறுபடி அழைத்தார். வேறொரு பிழை எண். அவர் சொல்லி முடிக்கும்போதே விடை திரையில் இருந்தது, சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் கொஞ்சம் அமைதி.

"பார்க்காமலே சொல்றீங்களா தம்பி?"

"இல்ல பாய், பார்த்துட்டேன்."

"எப்பவும் கொஞ்ச நேரம் பார்ப்பீங்களே. நல்லா ஒரு தரம் பார்த்துச் சொல்லுங்க."

"சரி பாய், ஒரு நிமிஷம்" என்றேன். டீ கிளாஸை எடுத்து ஒரு வாய் குடித்தேன். அப்புறம் அதே பதிலைச் சொன்னேன். "ஆங், இப்ப சரி" என்று போனை வைத்தார்.